பீரங்கிகளை இறக்கிய கப்பல்

கடலுக்கு நம் மொழியில் பெயர்களுக்குக் குறைவில்லை. பரந்திருப்பதால் பரவை, ஆழ்ந்திருப்பதால் ஆழி. முந்நீர், பௌவம், புணரி என்று நிகண்டுகள் அடுக்கிக்கொண்டே போகும். வகுப்பில் ஒருநாள் இச்சொற்களை விளக்கிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "ஆழி என்றால் எவ்வளவு ஆழம் ஐயா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன். வீடு திரும்பும் பேருந்தில்தான் அது சிரித்துத் தள்ளக்கூடிய கேள்வியன்று என்பது உறைத்தது. உலகக் கடல்கள் முழுவதிலும் அக்கேள்வியை முறையாகக் கேட்டுப் பார்க்க மனிதர்கள் புறப்பட்டதே ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்புதான். அப்படிப் போன கப்பலின் கதையை அந்த மாணவருக்குப் பட்ட கடனாக எண்ணி இங்கே எழுதுகிறேன்.

*

கப்பலின் பெயர் சேலஞ்சர். அறைகூவல் விடுப்பது என்ற பொருள் போர்க்கப்பலுக்கே பொருந்தும். அது போர்க்கப்பலாகத்தான் பிறந்தது. 1858 பிப்ரவரி 13 அன்று தேம்ஸ் நதிக்கரையிலுள்ள வூல்விச் கப்பல் கட்டும் துறையில் பிரிட்டிஷ் கடற்படைக்காக நீரில் இறக்கப்பட்டது. மர உடல், மூன்று பாய்மரங்கள், ஏறத்தாழ 200 அடி நீளம், துணைக்கு 1,200 குதிரைத்திறன் கொண்ட நீராவி எந்திரம். காற்று அடித்தால் பாய், அடங்கினால் நிலக்கரி. இந்த இரட்டைத் தன்மை பின்னால் பெரிதும் கைகொடுத்தது. கடலின் ஆழம் பார்க்கும் கப்பல், காற்றும் நீரோட்டமும் எப்படி இருந்தாலும் கயிறு இறங்கும் இடத்திலேயே மணிக்கணக்கில் நின்றாக வேண்டும். பாயை மட்டும் நம்பிய கப்பலால் அது ஆகாது.

அதன் முதல் பதினான்கு ஆண்டுகள் பேரரசின் வழக்கமான பணிகளில் கழிந்தன. 1862இல் மெக்சிகோ மீதான படையெடுப்பில் பங்கேற்றது. 1866இல் ஆஸ்திரேலியக் கடற்படைப் பிரிவின் தலைமைக் கப்பலானது. 1868இல் ஒரு பாதிரியாரும் அவருடைய ஆட்களும் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க ஃபிஜித் தீவு மக்கள் மீது தண்டனைத் தாக்குதல் நடத்தியது. இதை இங்கே குறிப்பதற்குக் காரணம் உண்டு. அதே கப்பல் 1874இல், இம்முறை நுண்ணோக்கிகளையும் கண்ணாடிச் சாடிகளையும் சுமந்துகொண்டு, மீண்டும் ஃபிஜிக்குப் போனது. அதே ஆண்டு அக்டோபரில் ஃபிஜி பிரிட்டிஷ் குடியேற்ற நாடாயிற்று. அறிவியலின் கப்பலும் ஆதிக்கத்தின் கப்பலும் ஒரே மரத்தில் செய்யப்பட்டவை என்பதை மறந்துவிட்டு இவ்வரலாற்றைப் படிக்க முடியாது.

1872இல் அதன் 17 பீரங்கிகளில் 15 இறக்கப்பட்டன. பீரங்கிகள் நின்ற இடத்தில் ஆய்வுக்கூடங்களும் அறிஞர்களின் அறைகளும் கட்டப்பட்டன. ஒரு கடற்படை தன் ஆயுதத்தைத் தானே இறக்கிவைப்பது அரிய காட்சி. அதற்கு அறிவுத்தாகம் மட்டுமே காரணமன்று. அட்லாண்டிக் கடலடியில் 1866இல் தந்திக்கம்பி நிலையாகப் போடப்பட்டுவிட்டது. 1870இல் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. கம்பி கிடக்கப்போகும் தரை மேடா பள்ளமா, பாறையா சேறா என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

*

ஆழ்கடலைப் பற்றி அதற்கு முன் இருந்த அறிவு மிகச் சொற்பம். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்னும் இயற்கையியலாளர் ஏஜியன் கடலில் வலை போட்டுப் பார்த்துவிட்டு, ஆழம் கூடக்கூட உயிர்கள் குறைகின்றன, 300 பாகத்துக்குக் கீழே உயிரே இராது என்ற கருத்தை 1843இல் முன்வைத்தார். பாகம் என்பது நம் கடற்கரையில் இன்றும் வழங்கும் சொல். விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம். ஏறத்தாழ 6 அடி. ஆங்கிலேயர் 'ஃபேதம்' என்பதும் இதுவே. அச்சொல்லும் விரித்த கைகளிலிருந்து பிறந்ததுதான். ஆழத்தை அளக்கப் புகுந்த இரு மொழிக்காரர்களும் தத்தம் உடம்பையே அளவுகோலாகக் கொண்டிருக்கிறார்கள்.

ஃபோர்ப்ஸின் கருத்து முப்பதாண்டுகள்கூட நிற்கவில்லை. 1860இல் மத்தியதரைக் கடலிலிருந்து பழுதுபார்க்க மேலே எடுத்த தந்திக்கம்பியில், ஆயிரம் பாகத்துக்கும் கீழே வளர்ந்த பவள உயிர்கள் ஒட்டியிருந்தன. 1868இல் 'லைட்னிங்', 1869இலும் 1870இலும் 'போர்க்குபைன்' என்னும் கப்பல்களில் சார்லஸ் வைவில் தாம்சனும் வில்லியம் கார்ப்பென்டரும் போய்ப் பார்த்தார்கள். 2,435 பாக ஆழத்திலும் உயிர் இருந்தது. அப்படியானால் உலகக் கடல்கள் அனைத்தையும் பார்த்துவிடலாமே என்று லண்டன் ராயல் கழகம் கடற்படையிடம் கேட்டது. அதற்குக் கிடைத்ததுதான் சேலஞ்சர்.

*

கப்பலில் ஏற்றிய கருவிகளை இனிப் பார்க்கலாம். இவற்றில் பெரும்பாலானவை கயிறும் இரும்பும் கண்ணாடியும்தாம்.

முதலில் கயிறு. ஆழம் பார்ப்பதற்கு மட்டும் 181 மைல் நீளமுள்ள இத்தாலியச் சணற்கயிறு ஏற்றப்பட்டது. ஏறத்தாழ 291 கிலோமீட்டர். பியானோ கம்பியில் எடைகட்டி இறக்கும் புதிய கருவி ஒன்றை வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று புகழ்பெற்றவர், அமைத்துத் தந்திருந்தார். சோதனையின்போதே அதன் உருளை நசுங்கிப்போனது. எனவே பழைய கயிற்றையே நம்பினார்கள். கயிற்றில் குறிப்பிட்ட இடைவெளிகளில் அடையாளங்கள் உண்டு. நுனியில் ஒவ்வொன்றும் ஓர் அந்தர், அதாவது 112 ராத்தல், எடையுள்ள இரும்புக் குண்டுகள். ஒவ்வொரு நூறு பாகமும் நீருக்குள் போகும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறிப்பார்கள். கீழே போகப்போக நேரம் சிறிது சிறிதாகக் கூடிவரும். திடீரென்று அது வெகுவாகக் கூடினால் குண்டு தரையைத் தொட்டுவிட்டது என்று பொருள். அதன் பின் கயிறு தன் கனத்தால் மட்டுமே இறங்கும். தரை தட்டியவுடன் குண்டுகள் தாமாகக் கழன்று கடலடியிலேயே தங்கிவிடும். நடுவிலிருக்கும் குழாய் மட்டும் ஒரு பிடி சேற்றோடு மேலே வரும்.

அடுத்தது வெப்பமானி. கடந்துவந்த நீரில் மிகக் குறைந்த வெப்பம் எதுவோ அதைக் குறித்துவைத்துக்கொள்ளும் மில்லர்–கசெல்லா வெப்பமானிகளைப் பயன்படுத்தினார்கள். ஆழத்தின் அழுத்தம் குமிழை நசுக்கி அளவைப் பொய்யாக்கிவிடாமலிருக்க, அதற்கு வெளியே இன்னொரு கண்ணாடிக் கூடு உண்டு. அந்த அழுத்தம் எத்தகையது என்பதை வேதியியலாளர் புக்கனன் கப்பலிலேயே சோதித்தார். இருபுறமும் மூடிய கண்ணாடிக் குழாயைத் துணியில் சுற்றி, நீர் புகும்படி துளையிட்ட செப்புக் கூட்டில் வைத்து, 2,000 பாகத்துக்கும் கீழே இறக்கினார். திரும்பி வந்தபோது துணிக்குள் குழாய் இல்லை. பனித்தூள் போன்ற வெண்பொடிதான் இருந்தது.

உயிர்களைப் பிடிக்க, இரும்புச் சட்டத்தில் பூட்டிய வலைப்பை. நம் கடற்கரையில் மடி என்பார்களே, அது. சட்டத்தின் அடியில் சணற்கற்றைகளைத் தொங்கவிட்டார்கள். மடிக்குள் நுழையாத முள்ளுயிர்கள் அவற்றில் சிக்கிக்கொள்ளும். பின்னர் இழுவலையும் சேர்ந்தது. கப்பலின் ஆட்டத்தில் வடம் அறுந்துவிடாமலிருக்க, நீண்டு சுருங்கும் ரப்பர் பட்டைகளின் தொகுதி ஒன்று பாய்மரக் குறுக்குக் கழியில் தொங்கியது. வடத்தை மேலே இழுக்க 18 குதிரைத்திறன் கொண்ட சிறிய நீராவி எந்திரம் தளத்தில் இருந்தது. வெவ்வேறு ஆழங்களிலிருந்து நீரை மொண்டுவரும் மூடிபோட்ட குடுவைகள், சாராயம் நிரப்பிய சாடிகள், நுண்ணோக்கிகள், இருட்டறை, சிறு நூலகம் ஆகியவற்றையும் சேர்த்தால் பட்டியல் ஏறத்தாழ நிறைவுபெறும்.

*

1872 டிசம்பர் 21 அன்று போர்ட்ஸ்மத்திலிருந்து புறப்பட்ட கப்பல் 1876 மே 24 அன்று திரும்பியது. கடந்த தொலைவு 68,890 கடல் மைல். கடலில் கழித்த நாட்கள் 713. அட்லாண்டிக்கைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து, ஆப்பிரிக்காவின் தென்முனை வழியாகத் தெற்கே சென்று, 1874 பிப்ரவரி 16 அன்று அண்டார்க்டிக் வட்டத்தைத் தாண்டிய முதல் நீராவிக் கப்பலாயிற்று. பிறகு ஆஸ்திரேலியா, ஃபிஜி, ஹாங்காங், ஜப்பான், ஹவாய், தஹிதி, மெகல்லன் நீரிணை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியை மட்டும் தொட்டுச் சென்றதே தவிர, நம் கரைப்பக்கம் வரவேயில்லை.

வழியில் 362 இடங்களில் நின்றார்கள். ஒவ்வோரிடத்திலும் அதே வேலை: ஆழம் பார்த்தல், சேறு எடுத்தல், பல மட்டங்களில் வெப்பம் பார்த்தல், நீர் மொள்ளுதல், மடி போடுதல். ஒரு முறை மடியை இறக்கி ஏற்ற நாள் முழுவதும் ஆகிவிடும். தொடக்கத்தில் மடி மேலே வரும்போதெல்லாம் கப்பலே திரண்டு நின்று வேடிக்கை பார்த்தது. சில மாதங்களில் கூட்டம் குறைந்து அறிவியலாளர்கள் மட்டும் எஞ்சினார்கள். இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் 'டிரெட்ஜிங்' என்று பெயர். மாலுமிகள் அதை 'டிரட்ஜிங்' என்று திரித்தார்கள். பின்னதற்கு மாட்டைப்போல் உழைப்பது என்று பொருள். கப்பலில் வளர்ந்த ராபர்ட் என்ற கிளிகூட, இரண்டாயிரம் பாகம் விட்டும் அடி தட்டவில்லையே என்று கத்தப் பழகிவிட்டதாம்.

அறிவியல் குழுவில் தாம்சனைச் சேர்த்து ஆறு பேர். ஜான் மர்ரி, மோஸ்லி, வில்லெமூஸ்-சூம் ஆகியோர் இயற்கையியலாளர்கள், புக்கனன் வேதியியலாளர், வைல்ட் ஓவியரும் செயலரும். அதிகாரிகளும் மாலுமிகளுமாகச் சேர்த்துக் கப்பலில் ஏறியவர்கள் ஏறத்தாழ 240 பேர். திரும்பியபோது அவர்களில் 144 பேரே கப்பலில் இருந்தார்கள். நோயுற்று இடையில் இறக்கப்பட்டவர்கள், பணி மாறியவர்கள் போக, துறைமுகந்தோறும் ஓடிப்போனவர்கள் பலர். இறந்தவர்களும் உண்டு. பயணத்தின் முதல் சில மாதங்களிலேயே, மடிவடம் பாறையில் சிக்கி இழுபட்டதில் தளத்திலிருந்த கப்பிக்கட்டை பிய்த்துக்கொண்டு வந்து அடித்து ஒரு மாலுமிச் சிறுவன் இறந்தான். 28 வயதே ஆன வில்லெமூஸ்-சூம் 1875 செப்டம்பரில், தஹிதிக்குப் போகும் வழியில், அக்கி போன்றதொரு தோல்நோயால் இறந்து கடலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். வீட்டுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1877இல் நூலாக வந்தன.

இன்னொரு கடிதத் தொகுப்பும் உண்டு. கப்பலின் உணவுப் பண்டகசாலையில் உதவியாளராக இருந்த ஜோசப் மட்கின் என்னும் இளைஞர் வீட்டாருக்கு எழுதியவை. அவை நூலாக வெளிவர 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அறிஞர்களும் அதிகாரிகளும் எழுதிய பயண நூல்கள் உடனுக்குடன் அச்சேறின. கீழ்த்தளத்திலிருந்து எழுதியவரின் குரல் ஒரு நூற்றாண்டைத் தாண்டித்தான் வந்து சேர்ந்தது. இலக்கிய வரலாறு படித்தவர்களுக்கு இதில் வியப்பிராது.

*

1875 மார்ச் 23. மேற்குப் பசிபிக்கில், குவாம் தீவுக்குத் தென்மேற்கே கயிற்றை இறக்கினார்கள். அது போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் 4,475 பாகத்தில் தரை தட்டியது; மீட்டரில் 8,184. ஐயம் தீர இரண்டு முறை அளந்தார்கள். உடன் சென்ற வெப்பமானிகள் சில அழுத்தம் தாங்காமல் உடைந்துபோயின. அவ்விடம் ஒரு பெரும் பள்ளத்தாக்கின் பகுதி என்பது அவர்களுக்குத் தெரியாது. 1951இல் அதே பெயர் தாங்கிய இன்னொரு பிரிட்டிஷ் கப்பல், ஒலியலைகளால் அளந்து, அருகிலேயே ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழத்தைக் கண்டது. உலகக் கடல்களிலேயே மிக ஆழமான அந்த இடத்துக்குச் சேலஞ்சர் மடு என்று பெயர்.

கண்டுபிடித்தவை ஒருபுறமிருக்க, இல்லாததென்று காட்டிய ஒன்றும் உண்டு. ஆழ்கடல் சேற்றில் உயிரின் ஆதிப்பொருளான ஒரு கூழ் படர்ந்திருக்கிறது என்று 1868இல் தாமஸ் ஹக்ஸ்லி அறிவித்திருந்தார். ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கலின் நினைவாக அதற்குப் பெயரும் சூட்டினார். சேலஞ்சர் இடந்தோறும் தேடியது. புதிதாக எடுத்த சேற்றில் கூழ் இல்லை. சாராயத்தில் ஊறவைத்த சேற்றில் மட்டும் இருந்தது. கடல்நீரோடு சாராயம் சேரும்போது பிரியும் ஜிப்சம்தான் அது என்பதைப் புக்கனன் கண்டறிந்தார். உயிரின் மூலம் என்று கொண்டாடப்பட்டது சாடிக்குள் விளைந்த சுண்ணவுப்பு. ஹக்ஸ்லி 1875இல் தம் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

கொண்டுவந்த உயிர்களில் அறிவியலுக்குப் புதியவை ஏறத்தாழ 4,700 இனங்கள். அறிக்கை 1880 முதல் 1895 வரை 50 தொகுதிகளாக வெளிவந்தது. பக்கங்கள் ஏறத்தாழ 29,500. தாம்சன் அந்தப் பெருஞ்சுமையைத் தாங்க மாட்டாமல் 1882இல் காலமானார். மர்ரி முடித்துவைத்தார். கப்பலில் கால் வைக்காத ஹெக்கல், சேற்றிலிருந்த ரேடியோலாரியா என்னும் நுண்ணுயிர்களில் மட்டும் 3,500க்கும் மேற்பட்ட புதிய இனங்களை விவரித்தார். டிட்மார் 77 நீர் மாதிரிகளைப் பகுத்து, கடல்நீரின் உப்புச்செறிவு இடத்துக்கிடம் மாறினாலும் அதிலுள்ள உப்புகளின் விகிதம் மாறுவதில்லை என்று நிறுவினார்.

மர்ரியின் பிற்காலத்தையும் சொல்லவேண்டும். கிறிஸ்துமஸ் தீவிலிருந்து வந்த ஒரு கல்லில் பாஸ்பேட் இருப்பதை அவர் இனங்கண்டார். 1888இல் பிரிட்டன் அத்தீவைச் சேர்த்துக்கொண்டது. மர்ரி நிறுவனம் தொடங்கிச் செல்வரானார். அத்தீவிலிருந்து அரசுக்குக் கிடைத்த வருவாய் சேலஞ்சர் பயணத்தின் செலவை ஈடுகட்டிவிட்டது என்று அவரே பெருமையாகச் சொல்வாராம். சுரங்கத்தில் வெட்டியவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட சீனர்கள். தொடக்க ஆண்டுகளில் அவர்களில் பலர் பெரிபெரி நோயால் மாண்டார்கள். மர்ரி விட்டுச்சென்ற பணத்தில்தான் 1933–34இல் 'மபாஹிஸ்' என்ற எகிப்தியக் கப்பல் அரபிக்கடலை ஆராய்ந்தது. நம் கடலைப் பற்றிய அறிவின் ஒரு பகுதிக்கு அந்தக் கூலிகளின் கைகளும் விலை கொடுத்திருக்கின்றன.

*

கப்பல் என்ன ஆயிற்று? திரும்பியபின் சில ஆண்டுகள் பயிற்சிக் கப்பலாக இருந்தது. பிறகு மெட்வே நதியில் பாய்மரமிழந்த வெற்றுடலாக நெடுங்காலம் கிடந்தது. 1921இல் அடித்தகட்டுச் செம்புக்காக விற்று உடைத்துவிட்டார்கள். எஞ்சியது முகப்பிலிருந்த மரச்சிற்பம் ஒன்றுதான். அதை சவுத்தாம்ப்டனிலுள்ள தேசியக் கடலியல் மையத்தில் வைத்திருக்கிறார்கள். 1986இல் வெடித்துச் சிதறிய அமெரிக்க விண்ணோடம் தாங்கியிருந்ததும் இக்கப்பலின் பெயரைத்தான்.

ஆனால் கப்பல் விட்டுச்சென்ற எண்கள் இருக்கின்றன. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே அவைதாம். இன்று ஆர்கோ மிதவைகள் ஏறத்தாழ 4,000 உலகக் கடல்களில் அலைகின்றன. பத்து நாட்களுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலெழுந்து, வெப்பத்தையும் உப்பையும் செயற்கைக்கோள் வழியாகச் சொல்லிவிட்டு மீண்டும் மூழ்குகின்றன. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, இம்மிதவைகளின் அளவுகளைச் சேலஞ்சரின் அளவுகளோடு இடத்துக்கு இடம் வைத்து ஒப்பிட்டது. கடலின் மேற்பரப்பு சராசரியாக 0.59 டிகிரி செல்சியஸ் சூடாகியிருக்கிறது. 200 பாகத்தில் 0.39, 500 பாகத்தில் 0.12. நீரோட்டத்தில் கயிறு சாய்ந்திருந்தால் வெப்பமானி, குறித்த ஆழத்துக்குச் சற்று மேலேதான் நின்றிருக்கும். அங்கே நீர் சற்றுச் சூடாகவே இருந்திருக்கும். ஆகவே உண்மையான வெப்ப உயர்வு இதைவிடக் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு. 2020இல் வந்த இன்னோர் ஆய்வு, சேலஞ்சர் கொணர்ந்த நுண்ணுயிர் ஓடுகளை இன்றைய ஓடுகளோடு ஒப்பிட்டு, சிலவற்றின் தடிமன் 76 விழுக்காடு வரை குறைந்திருப்பதைக் கண்டது. 1873இல் கப்பல் முதன்முதலாக அள்ளிய மாங்கனீசு உருண்டைகள் அன்று அருங்காட்சியகப் பொருள். இன்று அவற்றைத் தோண்டி எடுக்க நாடுகள் போட்டியிடுகின்றன. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகமும் அதற்கான எந்திரங்களை வடிவமைத்துவருகிறது.

கயிற்றைப் பிடித்து நின்ற மாலுமிகளில் எவரும், புவி சூடாவதைத் தாம் அளந்துகொண்டிருப்பதாக நினைத்திருக்க முடியாது. அறிஞர்களும் நினைத்திருக்கமாட்டார்கள். ஆழம் கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும், மடியில் மீன் இருந்தாலும் வெறும் சேறு இருந்தாலும், வந்ததை வந்தபடியே எழுதிவைத்தார்கள். அலுத்துப்போய் ஓரிரு இடங்களில் உத்தேசமாக எழுதியிருந்தால் எவருக்கும் தெரிந்திராது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் இந்த ஒப்பீடு மட்டும் பொய்த்திருக்கும். பயன் இன்னதென்று தெரியாமலே செய்த வேலையில் காட்டிய நேர்மையைத்தான் அக்கப்பலின் முதன்மையான கருவி என்று சொல்லத் தோன்றுகிறது. அதைக் கையாண்டவர்களில் பெரும்பாலோருடைய பெயர்கள் 50 தொகுதிகளில் தேடினாலும் கிடைக்கமாட்டா.

ஆழி என்றால் ஏறத்தாழ ஆறாயிரம் பாகம். அடுத்த முறை அப்பாடம் வரும்போது, முதலில் இரு கைகளையும் விரித்துக் காட்டி, இது ஒரு பாகம் என்று தொடங்கலாம் என்றிருக்கிறேன்.